யுகத்தின் பெயரும் எழுத்தின் புள்ளியும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முற்பகலில் ஜப்பானின் தலைமை அமைச்சரவைச் செயலர் யோஷிஹிதே சுகா, செய்தியாளர்கள் முன்னிலையில் சட்டமிட்ட பலகை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதில் தூரிகையால் எழுதப்பட்ட இரண்டு எழுத்துகள் இருந்தன: ரெய்வா. அடுத்த மாதம் முதல் தேதி புதிய பேரரசர் அரியணை ஏறும்போது தொடங்கவிருந்த யுகத்தின் பெயர் அது. அதுவரையிலான யுகப் பெயர்களுக்குச் சீனச் செவ்வியல் நூல்களே மூலமாக இருந்துவந்தன என்றும், இம்முறைதான் முதன்முதலாக ஜப்பானின் சொந்தத் தொகைநூலான மன்யோஷூவிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது என்றும் சொல்லப்பட்டது. ஒரு நாட்டின் காலக்கணக்குக்குக் கவிதைத் தொகையொன்றிலிருந்து பெயர் வருவது நம்மைப் போன்றவர்களுக்கு இனிக்கிற செய்தி. நாமும் அன்று அதை அப்படித்தான் படித்து மகிழ்ந்தோம்.

ஆனால் அந்தப் பலகைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களில் இலக்கிய ஆர்வலர்களைவிட நிரலாளர்களே அதிகம் என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜப்பானில் அரசுப் படிவங்களிலும் ஓட்டுநர் உரிமங்களிலும் ஆண்டு யுகக் கணக்கில் எழுதப்படுகிறது. எனவே மென்பொருள்களுக்கு யுகத்தின் பெயர் தெரிந்தாக வேண்டும். பெயரோ ஒரு மாதத்துக்கு முன்பு வரை அரச இரகசியம். 2019 மார்ச்சில் வெளியான ஜாவா மொழியின் 12ஆம் பதிப்பு, புது யுகம் என்று பொருள்படும் ஒரு பொதுச்சொல்லைப் போட்டு இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்முன் தொட்டிலில் ‘பாப்பா’ என்று எழுதி ஒட்டுவதைப்போல. பெயர் வெளியான பின் ஏப்ரலில் வந்த திருத்தப் பதிப்பில் ரெய்வா குடியேறியது.

யூனிகோடு அமைப்பின் பாடு இன்னும் சுவையானது. யுகப் பெயரின் இரண்டு எழுத்துகளையும் ஒரே கட்டத்துக்குள் அடக்கி, ஓரெழுத்தாக அச்சிடும் வழக்கம் ஜப்பானியரிடம் உண்டு. மெய்ஜி, தாய்ஷோ, ஷோவா, ஹெய்செய் ஆகிய நான்கு யுகங்களுக்கும் யூனிகோடில் அடுத்தடுத்து நான்கு வீடுகள் இருந்தன. ஐந்தாவது வருமென்று யாரும் நினைக்கவில்லை போலும். ஒருபுறம் ஓர் அளவைக் குறியீடும் மறுபுறம் ‘பங்கு நிறுவனம்’ என்பதற்கான குறியீடும் ஏற்கெனவே குடியிருந்தன. ஆகவே புதிய யுகத்துக்குச் சற்றுத் தொலைவில் வேறு தெருவில் ஒரு வீடு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. 2019 மே 7ஆம் தேதி வெளியான யூனிகோடு 12.1 பதிப்பு அந்த ஒரேயொரு எழுத்தைச் சேர்ப்பதற்காகவே வெளியானது. யுகம் பிறந்து ஆறு நாட்கள் கழிந்திருந்தன.

மொழியும் நாடும் சார்ந்த இத்தகைய வழக்கங்களைத் தொகுத்துக் கணினியிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்கு நிரலாளர்கள் ‘லோகேல்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். தமிழில் இடவழக்கு என்று சொல்லலாமா என நமக்குள் ஒரு விவாதம் நடந்தது. முடிவு எட்டப்படாததால் லோகேல் என்றே எழுதுகிறோம். மாதப் பெயர், எண்ணில் காற்புள்ளி விழும் இடம், அகரவரிசை, நாணயக் குறி, சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் விதி எல்லாம் அதற்குள் அடக்கம். பார்வைக்குச் சில்லறை விவரங்கள். ஆனால் ஒரு மொழி பேசுகிறவர் கணினியின் முன் வீட்டுக்காரராக அமர்கிறாரா விருந்தாளியாக நிற்கிறாரா என்பது இந்தச் சில்லறைகளில்தான் தீர்மானமாகிறது.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் காலம் என்பது ஓர் எண் மட்டுமே. 1970 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீன்விச் நேரத்திலிருந்து கழிந்த நொடிகளின் எண்ணிக்கை அது. அந்த எண்ணுக்கு மொழி கிடையாது, நாடு கிடையாது, மதம் கிடையாது. மனிதக் கண்ணுக்குக் காட்டும் சாளரத்தில்தான் அது மொழியாகிறது. யூனிக்ஸின் பழைய சாளரம் ‘சிடைம்’ என்ற செயற்கூறு. எப்போது கேட்டாலும் 26 இடங்கள் கொண்ட ஒரு சரத்தைத் தரும்: கிழமைக்கு மூன்று எழுத்து, மாதத்துக்கு மூன்று எழுத்து, பிறகு தேதி, நேரம், ஆண்டு, வரி முறிவு, முடிவுக்குறி. எல்லாம் ஆங்கிலம். பெல் ஆய்வகத்தில் தம் தேவைக்காக எழுதியவர்களை இதற்காகக் குறை சொல்ல முடியாது. உலகம் முழுவதும் அந்தச் சாளரத்தின் முன் வந்து நிற்கும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

மூன்று எழுத்துக் கணக்கு தமிழுக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருமுறை பார்த்தோம். யூனிகோடில் ‘செ’ என்பது சகரமும் கொம்புமாக இரண்டு குறிகள். செவ்வாயை மூன்று குறியோடு வெட்டினால் ‘செவ’ என்று நிற்கிறது. பிப்ரவரி ‘பிப’ ஆகிறது. வெட்டுக்கத்தி ஒவ்வொரு முறையும் புள்ளியைத்தான் கொண்டுபோகிறது. புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும் என்பதைத் தமிழ் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. துருக்கியர் கதை வரும்போது இந்தப் புள்ளி மீண்டும் தேவைப்படும்.

1989இல் அமெரிக்கத் தர நிறுவனமும் அடுத்த ஆண்டு பன்னாட்டுத் தர நிறுவனமும் சி மொழிக்கான தரத்தை வெளியிட்டபோது லோகேல் என்ற கருத்து அதில் அதிகாரபூர்வமாக இடம்பெற்றது. அகரவரிசை, எழுத்தின் வகை, பணம், எண், காலம் என ஐந்து பிரிவுகள். போசிக்ஸ் தரம் பிற்பாடு ‘செய்திகள்’ என்ற ஆறாவதைச் சேர்த்தது. பயனர் தம் மொழியையும் நாட்டையும் ஒரு சூழல் மாறியில் எழுதி வைப்பார். நிரல் அதைப் படித்து, அவருக்கு ஏற்றபடி பேசும். நிரல் வேண்டுமென்று கேட்டால்தான் இதெல்லாம் நடக்கும் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. கேட்காத நிரல் ‘சி’ என்ற லோகேலிலேயே விழித்தெழும்.

இந்த ‘சி’ ஒரு விநோதமான தேசம். வரைபடத்தில் அது இல்லை. ஒரு நிரல்மொழியின் பெயரையே நாட்டின் பெயராகக் கொண்டது. அங்கே மாதங்களுக்கு ஆங்கிலப் பெயர்கள், ஆனால் நாணயக் குறி கிடையாது. தரமே அந்த இடத்தை வெற்றுச் சரமாக விட்டிருக்கிறது. ஆயிரத்தைப் பிரிக்க எந்தக் குறியும் இல்லை. அகரவரிசையில் பெரிய எழுத்துகள் அனைத்தும் முடிந்த பிறகே சிறிய எழுத்துகள் தொடங்கும். காரணம் 1963இல் பிறந்த ஆஸ்கி அட்டவணையில் அவை நிற்கும் வரிசை. ஆங்கிலம் பேசும், பணம் புழங்காத, அகராதி வைத்திராத ஒரு நாடு. உலகின் கணினிகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு கணத்தில் அந்நாட்டுக் குடிமக்களாக இருக்கின்றன.

ஏற்பாட்டில் ஒரு குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது. லோகேல் நிரல் முழுவதற்கும் ஒன்றே. நிரலின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் மாடியூல் அதை மாற்றினால் மற்ற எல்லா மாடியூல்களுக்கும் அது மாறிவிடும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மின்விசிறியை நிறுத்தினால் எல்லோருக்கும் வியர்ப்பதைப் போன்றது. ஜெர்மானியர் பதின்மப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவார்கள். ஜெர்மன் லோகேலில் இயங்கும் சி நிரலிடம் 3.14 என்று எழுதிய கோப்பைத் தந்தால், 3 என்று படித்துவிட்டுப் புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். பிழையென்று கூச்சலிடாது. 3ஐ வைத்துக்கொண்டு அமைதியாக மேலே கணக்குப் போடும். கூச்சலிடுகிற பிழைகளைவிட இத்தகைய பிழைகளே நாட்களைத் தின்பவை.

பெர்ல் மொழி கூச்சலிடும் வகையைச் சேர்ந்தது. தமிழில் அமைத்த மடிக்கணினியிலிருந்து தொலைவிலுள்ள வழங்கிக்குள் நுழைந்த நம்மில் பலர் அதன் புலம்பலைக் கேட்டிருக்கிறோம். லோகேலை அமைக்க இயலவில்லை, தயவுசெய்து சரிபாருங்கள், ‘சி’க்குத் திரும்புகிறேன் என்று பத்து வரிக்குப் பேசும். நம் இயந்திரத்தின் மொழி விருப்பம் இணைப்பின் வழியே கூடவே பயணித்துப் போகிறது. போன இடத்தில் அம்மொழிக்கான கோப்பு நிறுவப்பட்டிருப்பதில்லை. வழிப்போக்கன் தன் ஊர்ப் பெயரைச் சொல்ல, சத்திரக்காரர் அப்படியோர் ஊரே இல்லை என்கிறார்.

இனித் துருக்கிக்கு வருவோம். 1928 நவம்பர் 1ஆம் தேதி துருக்கி நாடாளுமன்றம் 1353ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. அரபு எழுத்துமுறை விலகி இலத்தீன் எழுத்துமுறை வந்தது. துருக்கி மொழிக்கு எட்டு உயிர்கள். இலத்தீனின் ஐந்தைக் கொண்டு எட்டைக் குறிக்கப் புள்ளிகள் துணைக்கு வந்தன. ஆங்கிலத்தின் ‘ஐ’ எழுத்து அங்கே இரண்டாகப் பிரிந்தது: புள்ளியுள்ளது ஒன்று, புள்ளியற்றது ஒன்று. முன்னது நம் இகரத்தைப் போல ஒலிக்கும். பின்னது, நம் பேச்சுவழக்குக் குற்றியலுகரத்தின் ஒலிக்கு அருகில் வரும் என்று சொன்னால் மொழியியலாளர்கள் நம்மை மன்னிக்க வேண்டும். விதி மிகவும் ஒழுங்கானது. புள்ளியுள்ள சிறிய எழுத்துக்குப் பெரிய எழுத்திலும் புள்ளி உண்டு. புள்ளியற்றதற்குப் பெரிய எழுத்திலும் இல்லை. உண்மையில் ஒழுங்கு தவறியது ஆங்கிலம்தான். சிறிய எழுத்தில் புள்ளி வைத்துவிட்டுப் பெரிய எழுத்தில் அதைத் தொலைக்கிறது.

ஆனால் கணினிக்கு முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆங்கிலேயரின் விதியை இயற்கை விதியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். குறியீட்டு அட்டவணையில் துருக்கியருக்கென இரண்டு எழுத்துகள் மட்டுமே தனியாகச் சேர்க்கப்பட்டன: புள்ளியுள்ள பெரியதும் புள்ளியற்ற சிறியதும். மற்ற இரண்டும் ஆங்கிலத்தோடு பொது. 1989இல் துருக்கிக்கென வந்த இலத்தீன்-5 அட்டவணையில் அப்படி. யூனிகோடும் அவ்வழியே சென்றது. விளைவு, ஓர் எழுத்தைப் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ அந்த எழுத்தை மட்டும் பார்த்துச் செய்யக்கூடிய வேலையாக இல்லாமல் போயிற்று. எந்த மொழியில் என்று கேட்காமல் செய்ய முடியாது.

ஜாவாவில் ஒரு சொல்லைச் சிறிய எழுத்தாக்கும் செயற்கூறு, வேறெதுவும் சொல்லாவிட்டால் இயந்திரத்தின் லோகேலைப் பின்பற்றும். ஆங்கிலத்தில் தலைப்பைக் குறிக்கும் ‘டைட்டில்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்துகளில் தந்தால், துருக்கி இயந்திரத்தில் அது புள்ளியற்ற எழுத்தோடு சிறிதாகித் திரும்பும். ஜாவாவின் அதிகாரபூர்வ ஆவணமே இந்த எடுத்துக்காட்டைத் தந்து எச்சரிக்கிறது. கலிபோர்னியாவில் எழுதப்பட்ட நிரல் ஒன்று அமைப்புக் கோப்பில் இச்சொல்லைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் கிடைக்கும். இஸ்தான்புல்லில் கிடைக்காது. திரையில் இரண்டையும் அருகருகே பார்க்கும் மனிதர், புள்ளியை உற்றுப் பார்த்தாலொழியக் காரணத்தைக் கண்டுபிடிக்க மாட்டார்.

பிஎச்பி மொழியில் வகுப்புகளின் பெயர்களுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. உள்ளே எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கியே அது ஒப்பிடும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது லோகேலைத் துருக்கிக்கு மாற்றினால், பெயரில் பெரிய ‘ஐ’ உள்ள வகுப்புகள் திடீரென்று காணாமல் போகும். 2002இல் பதிவான இந்தப் பிழை 2013இல் வந்த 5.5 பதிப்பில்தான் தீர்ந்தது. பதினோரு ஆண்டுகள். 2022 டிசம்பரில் வந்த 8.2 பதிப்பில் அம்மொழியின் சிறிதாக்கும் செயற்கூறு லோகேலைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. கோட்லின் மொழியின் கதையும் இதுவே. அதன் தொகுப்பியே துருக்கி லோகேலில் தடுக்கி விழுந்தது. அதாவது மென்பொருள் ஓடும்போது மட்டுமன்றி, மென்பொருளைக் கட்டும்போதே, நிரலாளர்கள் ‘பில்டு’ என்று சொல்லும் கட்டத்திலேயே சிக்கல். 2021இல் கோட்லின் 1.5 பதிப்பு பழைய செயற்கூறுகளை ஓரங்கட்டி, எந்த நாட்டையும் பொருட்படுத்தாத புதியவற்றைக் கொண்டுவந்தது.

இத்தனை ஆண்டுகளில் துருக்கி நிரலாளர்களுக்கு இணையத்தில் கிடைத்துவந்த கைமருந்து ஒன்றுதான்: உங்கள் இயந்திரத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். நமக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. தன் மொழியின் எழுத்திலக்கணத்தைச் சரியாகக் கடைப்பிடித்த இயந்திரம்தான் அங்கே பழுதானதாகக் கருதப்பட்டது. அஜர்பைஜானும் 1991இல் இலத்தீன் எழுத்துக்கு மாறியபோது இதே இரண்டு எழுத்துகளை ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கும் அதே கைமருந்துதான்.

எஸ்டோனியாவின் சங்கடம் வேறு வகை. அங்கே அகரவரிசையில் ‘இசட்’ கடைசியில் வராது. ‘எஸ்’ஸுக்குப் பின், ‘டி’க்கு முன் வரும். ‘ஏ முதல் இசட் வரை உள்ள எழுத்துகள்’ என்று ஒரு நிரலாளர் எழுதினால், அந்த லோகேலை மதிக்கும் கருவியில் ‘டி’யும் ‘யூ’வும் ‘வி’யும் வெளியே நிற்கும். அகரம் முதல் னகரம் வரை என்று நாம் எழுதிவிட்டு, வேறொருவர் வரிசையில் னகரம் நடுவில் இருந்தால் நேர்வதை எண்ணிப் பார்க்கலாம்.

வரிசை என்பது எவ்வளவு ஆழத்தில் வேர் விட்டிருக்கிறது என்பதை 2018 ஆகஸ்டில் பலர் கற்றுக்கொண்டார்கள். லினக்ஸ் இயங்குதளங்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு, அகரவரிசை விதிகளைப் புதிய பன்னாட்டுத் தரத்துக்கு ஏற்பத் திருத்தியது. திருத்தம் சரியானது, நெடுநாளாகத் தேவைப்பட்டதும்கூட. ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் தன் அட்டவணைகளை அந்நூலகத்தின் வரிசையை நம்பியே அடுக்கி வைத்திருந்தது. நூலகத்தில் அட்டைப் பட்டியல் பழைய அகரவரிசையில் இருக்கிறது. ஓரிரவில் நூலகரின் தலைக்குள் மட்டும் வரிசை மாறிவிடுகிறது. மறுநாள் ஒரு நூலைக் கேட்டால் அவர் தவறான இழுப்பறையைத் திறந்து, அப்படியொரு நூல் இல்லையென்று மனப்பூர்வமாகச் சொல்வார். ஒரே நூலை இரண்டாம் முறையும் புதியதாகப் பதிவு செய்துகொள்வார். இயங்குதளத்தைப் புதுப்பித்தவர்கள் தரவுத்தளத்தின் அட்டவணைகளை மீண்டும் அடுக்கவேண்டியிருந்தது. அதை அறியாதவர்களுக்கு இருந்த தரவு இல்லாததாகத் தெரிந்தது.

இவ்வளவையும் அனுபவித்தவர்கள் மென்பொருளைக் கட்டும் இடத்தில் லோகேலை அண்டவிடுவதில்லை. யூனிக்ஸ் உலகில் ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டும்போது முதலில் ஓடும் ‘கான்ஃபிகர்’ என்ற நிரல், தன் தொடக்கத்திலேயே எல்லா லோகேல் மாறிகளையும் ‘சி’ என்று அமைத்துக்கொள்கிறது. பிற கருவிகளின் பதில்களைப் படித்துத்தான் அது முடிவுகள் எடுக்கும். அந்தப் பதில்கள் பயனரின் மொழியில் வந்தால் அதற்குப் புரியாது. ஆகவே பயனர் யாராக இருந்தாலும், கட்டுமானம் முடியும்வரை எல்லோரும் அந்தப் பணமில்லாத தேசத்துக்குப் போய்த் தங்கித் திரும்ப வேண்டும்.

2013இல் டெபியன் திட்டத்தினர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஒரே மூலநிரலை யார், எங்கே, எப்போது கட்டினாலும் கடைசி பிட் வரை ஒரே விளைவு வர வேண்டும் என்பது அவர்கள் குறிக்கோள். வந்தால்தான், நாம் இறக்கிக்கொள்ளும் கோப்பு நாம் படிக்கும் மூலநிரலிலிருந்தே பிறந்தது, இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று எவரும் சோதித்து அறிய முடியும். தொகுப்பிக்குள்ளேயே ஒரு திருட்டுக் கதவை மறைத்துவைக்க முடியும் என்று கென் தாம்சன் தம் டூரிங் விருதுரையில் எச்சரித்தது 1984இல். முப்பதாண்டுகள் கழித்து அதற்கு ஒரு நடைமுறை விடை தேடிய முயற்சியாகவும் இதைக் கொள்ளலாம்.

முயற்சியின் குறுக்கே நின்றவற்றுள் முதன்மையானவை தேதியும் லோகேலும். சி மொழியில் கட்டிய நாளைத் தானே பொறித்துக்கொள்ளும் ஒரு குறிச்சொல் உண்டு. நாளை கட்டினால் விளைவு மாறிவிடும். கோப்புகளின் வரிசை லோகேலுக்கு ஏற்ப மாறும். ஆவணங்களில் மாதப் பெயர் கட்டியவரின் மொழியில் விழும். சோதனை செய்பவர்கள் ஒவ்வொரு பொதியையும் இருமுறை கட்டினார்கள். இரண்டாம் முறை கடிகாரத்தை ஓராண்டுக்கும் மேல் முன்னே தள்ளி, லோகேலைச் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சுக்கு மாற்றி, என்னவெல்லாம் வேறுபடுகின்றன என்று பார்த்தார்கள். 2015இல் ஒரு மரபு வகுக்கப்பட்டது. தேதி தேவைப்படும் இடங்களில் எல்லாம் ‘இப்போது’ என்பதைப் பயன்படுத்தாமல், மூலநிரல் கடைசியாகத் திருத்தப்பட்ட கணத்தைப் பயன்படுத்துவது. 1970லிருந்து எண்ணிய நொடிகளாக அது ஒரு சூழல் மாறியில் எழுதப்படும். ஊரும் இல்லை, இன்றும் இல்லை. சித்தர்களுக்கு உவப்பான ஒரு நிலையில் இன்றைய மென்பொருள்கள் கட்டப்படுகின்றன.

காலத்தின் பெயர்களை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருந்தது. ஒரே மொழிக்கு இரண்டு இயங்குதளங்களில் இரண்டு மாதப் பெயர்கள் வழங்கின. பிறகு சிஎல்டிஆர் என்ற பொதுக் களஞ்சியத்தின் முதல் பதிப்பு வெளிவந்தது. 2004இல் யூனிகோடு அமைப்பு அதைப் பொறுப்பேற்றுக்கொண்டது. நிறுவனங்களும் தன்னார்வலர்களும் முன்மொழிந்து, வாக்களித்து, ஒரு மொழியில் செப்டம்பரை எப்படிச் சுருக்குவது என்று முடிவு செய்கிறார்கள். பெர்லின் தேதி மாடியூல்கள் தம் மாதப் பெயர்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. 2017இல் ஜாவாவின் 9ஆம் பதிப்பும் தன் சொந்தப் பட்டியலைப் பின்னுக்குத் தள்ளி இதையே இயல்புநிலையாக ஏற்றது.

பொதுக் களஞ்சியத்துக்கு ஒரு விலை உண்டு. அது திருந்தும்போதெல்லாம் உலகம் சேர்ந்து அதிரும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் செப்டம்பரின் சுருக்கம் மூன்று எழுத்திலிருந்து நான்கு எழுத்தானபோது, 2021இல் ஜாவா 16க்கு மாறிய நிரல்கள் செப்டம்பர்த் தேதிகளைப் படிக்க மறுத்தன. மற்ற பதினொரு மாதங்களும் நலம். 2022 அக்டோபரில் வந்த 42ஆம் பதிப்பில், ஆங்கில நேரத்தில் எண்ணுக்கும் முற்பகல் பிற்பகல் குறிக்கும் இடையே இருந்த சாதாரண இடைவெளி, வரி முறியாத குறுகிய இடைவெளியாக மாற்றப்பட்டது. அச்சுக்கலை நோக்கில் அது நல்ல மாற்றம். 10:30 ஒரு வரியிலும் அதன் குறி அடுத்த வரியிலுமாகப் பிரியாது. ஆனால் கண்ணுக்கு இரண்டு வெறுமைகளும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஜாவா 20க்கு மாறியவர்களின் நிரல்கள் முறிந்தன. குரோம் உலாவி பழைய இடைவெளிக்குத் திரும்பியது. ஒன்றுமில்லாததற்கும் ஒன்றுமில்லாததற்கும் இடையிலான வேறுபாட்டைத் தேடி நிரலாளர்கள் இரவு விழித்தார்கள்.

தாய்லாந்தின் நாட்காட்டியும் குறிப்பிடத்தக்கது. அங்கே பௌத்த ஆண்டு வழங்குகிறது. கிறித்தவ ஆண்டோடு 543ஐக் கூட்ட வேண்டும். தாய் லோகேலில் நாட்காட்டியைக் கேட்டால் ஜாவா பௌத்த நாட்காட்டியையே தரும். இதை அறியாத நிரலாளர் ஆண்டை மட்டும் உருவி எடுத்து வைத்தால், 2019இல் எழுதிய கோப்பு 2562ஐச் சேர்ந்ததாகிவிடும். கூட்டலும் எப்போதும் எளிதன்று. 1941 வரை அங்கே புத்தாண்டு ஏப்ரலில் பிறந்தது. பிறகு ஜனவரிக்கு மாற்றினார்கள். அதனால் பௌத்த ஆண்டு 2483க்கு ஒன்பது மாதங்கள்தாம்.

ஜப்பானியரின் பழைய இயந்திரங்கள் சிலவற்றில் ஷோவா யுகம் முடியவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டை ஷோவாக் கணக்கில் இரண்டு இலக்கங்களில் சேமித்து, யுகம் மாறிய பின்னும் உள்ளே அதே எண்ணிக்கையைத் தொடர்ந்தவை அவை. பேரரசர் ஹிரோஹிதோ 1989இல் மறைந்தார். 1926இல் தொடங்கிய அந்தக் கணக்குக்கு 2025 நூறாவது ஆண்டு. மூன்றாவது இலக்கத்துக்கு அங்கே இடமில்லை.

தமிழுக்குக் களஞ்சியத்தில் இடம் உண்டு. முற்பகல், பிற்பகல் என்ற இரண்டோடு நிற்காமல் அதிகாலை, காலை, மதியம், மாலை, அந்தி மாலை, இரவு என்று பொழுதுகளைப் பகுத்து வைத்திருக்கிறார்கள். ஆறு சிறுபொழுது வகுத்த மரபுக்கு இது மகிழ்ச்சி தரக்கூடியது. இந்தியத் தமிழில் எண்களுக்கு இலட்சக் கணக்கில் காற்புள்ளி விழுகிறது. மலேசியத் தமிழிலும் சிங்கப்பூர்த் தமிழிலும் ஆயிரக் கணக்கில் விழுகிறது. ஒரே மொழியின் கோடி, கடல் கடந்ததும் பத்து மில்லியனாகத் தோற்றம் கொள்கிறது. மொழிக்கும் நாட்டுக்கும் தனித்தனிக் குறி வைத்ததன் பயன் இதுபோன்ற இடங்களில்தான் தெரிகிறது. (குறிகளும் நிலையானவை அல்ல. ஹீப்ரு மொழியின் ஈரெழுத்துக் குறி 1989இல் மாற்றப்பட்டது. ஜாவாவோ பழைய குறியை 2021இல் வந்த 17ஆம் பதிப்பு வரை கட்டிக்காத்தது.)

ஆனால் அங்கே உள்ள தமிழ் மாதங்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை. பௌத்த, ஜப்பானிய, ஹீப்ரு, எத்தியோப்பிய நாட்காட்டிகள் இருக்கின்றன. 1957 மார்ச் 22ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டியும் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி இல்லை. 2008இல் தமிழக அரசு தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டமியற்றியது. 2011இல் அடுத்து வந்த அரசு அதை நீக்கிச் சித்திரைக்குத் திரும்பியது. ஊரெல்லாம் வாதிட்டது. கணினிக்கு இரண்டு சட்டங்களும் தெரியாது. மாற்றவேண்டிய வரி என்று ஒன்று அதற்குள் இருந்ததே இல்லை.

சேர்க்க முடியாததன்று. பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதாண்டுச் சுழற்சிக்கு நிகரான ஏற்பாடு சீன நாட்காட்டிக்காக அங்கே ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. மாதப் பெயர்களை எழுதிக்கொடுப்பது ஒரு மாலை நேர வேலை. நம் நண்பர்கள் சிலர் ஒருமுறை உற்சாகமாகத் தாளும் பேனாவுமாக உட்காரவும் செய்தார்கள். மாதம் எந்தக் கணத்தில் பிறக்கிறது என்ற இடத்துக்கு வந்ததும், வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று பேச்சு எழுந்தது. தேநீர் மூன்று முறை வந்தது. தாளில் சித்திரை என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது.